ஒர்வெக் இறந்த தேதி

படிவத்தின் ஏழாவது கட்டத்தில் இறந்த தேதி கேட்டிருந்தார்கள்.

ரட்மிலோ முதலில் ஒரு கோடு போட்டான். கோடு அலட்சியமாகத் தெரிந்தது. அதை அழித்துவிட்டு ‘பொருந்தாது’ என்று எழுதி, தொலைநகலில் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினான். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“ஸ்லாட்கோவோ நகராட்சியா? நான் வுகோசாவா, நினைவுச்சின்னப் பிரிவு. என்ன இது, ‘பொருந்தாது’?”

“மேடம், அவர் நெசமான ஆள் இல்ல. டிவி தொடர்ல வர்றவரு. வேற்றுக்கிரகத்துத் தத்துவஞானி.”

“எந்தக் கிரகம்னு நான் கேக்கல. செத்துட்டாரா, இல்லையா?”

“அது வந்து...”

“உயிரோட இருக்கறவங்களுக்குச் சிலை வெக்க அனுமதி கிடையாது. வெச்சு நாம பட்டது போதும். வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள தேதி வரணும். வரலேன்னா கோப்பை மூடிடுவேன்.”

அன்று திங்கட்கிழமை.

சதுக்கத்தின் நடுவே இருந்த பீடம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலி. முன்பு அதில் நின்றவரை, ஆட்சி மாறியபோது கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்து யார் என்பதில் ஊர் உடன்படவில்லை. செர்பியர்கள் ஒரு தளபதியைச் சொன்னார்கள். அவர் ஹங்கேரியர்களைச் சுட்டவர். ஹங்கேரியர்கள் ஒரு கவிஞரைச் சொன்னார்கள். அவர் செர்பியர்களைப் பற்றி எழுதியவர். ஸ்லோவாக்கியர்கள் ஒரு தேனீ வளர்ப்பாளரைச் சொன்னார்கள். அவரை யாருக்கும் தெரியவில்லை.

போன வருடக் கூட்டத்தில் யாரோ ஒர்வெக்கின் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஒர்வெக் யாரையும் சுட்டதில்லை. அவருடைய கிரகத்துக்கு யாருடனும் எல்லைத் தகராறு இல்லை. ‘ஏழாவது விளிம்பு’ தொடரில் சாம்பல் நிற முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விண்கலத்தில் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். முடிவில் அவர் ஒரு வாக்கியம் சொல்வார். சண்டை நின்றுவிடும். தொண்ணூற்று மூன்றிலும் நான்கிலும் இரண்டாவது சேனலில் வியாழக்கிழமை மாலைகளில் ஓடியது. நாட்டின் மேல் பொருளாதாரத் தடைகள் இருந்த காலம். கடையில் சர்க்கரை இல்லை, சூயிங்கம் இருந்தது. சூயிங்கத்துக்குள் ஒர்வெக்கின் ஒட்டுப்படம் இருந்தது. சிற்பி அந்த ஒட்டுப்படத்தைப் பார்த்துத்தான் சிலையை வார்த்தார். சிலை இப்போது தீயணைப்பு நிலையத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது.

ஊரில் எல்லோரும் ஒர்வெக்கின் வாக்கியங்களைச் சொன்னார்கள். ‘காலையில் வாங்கிய இறைச்சியை மதியத்துக்குள் சமைத்துவிடு’ என்று ஒர்வெக் சொன்னதாக இறைச்சிக் கடை லாஸா சொல்வார். ‘மருந்தைப் பாதியில் நிறுத்தாதே’ என்று சொன்னதாக மருந்துக்கடை ஆர்பாட் சொல்வார். ‘தேர்ந்தெடுத்தவனை ஆள விடு’ என்ற வாக்கியம் மேயர் ட்ராகுட்டினின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

ரட்மிலோ அந்தத் தொடரில் ஒரு பகுதியைக்கூடப் பார்த்ததில்லை. அப்போது அவன் தனியாக இருந்த அறையில் இரண்டாவது சேனல் வரவே இல்லை.

இது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை காலை ரொட்டிக் கடை வரிசையில் ஒர்வெக்கைப் பற்றித்தான் பேச்சு. அவன் தலையாட்டினான். ஒருமுறை தலையாட்டிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. தொலைக்காட்சி வார இதழில் கதைச்சுருக்கம் வரும். அதைக் கழிவறையில் படித்துவிட்டு வரிசைக்குப் போவான். கடைசிப் பகுதி ஓடிய வாரம் காகிதத் தட்டுப்பாட்டில் இதழ் வரவில்லை. ஆகவே ஒர்வெக்குக்கு என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியாது.

சிலைப் பொறுப்பை அவனிடம் கொடுத்தபோது மேயர் சொன்ன காரணம் ஒன்றுதான்.

“தொடரை உன்ன மாதிரி ரசிச்சுப் பாத்தவன் இந்த ஊர்ல யாருடா?”

இப்போது மேயர் அவன் மேசை முன் நின்றார்.

“வெள்ளிக்கிழமை அனுமதி கையில இருக்கணும். இல்லேன்னா நாய்ப் பதிவுக்கு உன்ன மாத்திடுவேன். பாரா கிராமத்துல ஆபீஸ். ஜன்னல் கிடையாது. நாய் உண்டு.”

“தேதிதான் சார் பிரச்சினை. இறந்த தேதி.”

“அது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். சும்மா சரிபாக்கலாம்னு.”

மேயர் போனதும் ரட்மிலோ தலைநகரத்துத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் பேசினான். நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். ஐந்தாவது ஆள், அந்த நாடாக்களின் மேல் கால்பந்தாட்டம் பதிவாகிவிட்டது என்றார். எந்த ஆட்டம் என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை இறைச்சிக் கடைக்குப் போனான். நேராகக் கேட்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்ததை அவன் எப்படிக் கேட்பது?

“லாஸா அண்ணே, அரைக் கிலோ பன்னி. ஒர்வெக் சாகுற எடம் ஞாபகம் இருக்கா? என்னா நடிப்பு.”

லாஸா கத்தியை நிறுத்தினார். கூரையைப் பார்த்தார்.

“மறக்க முடியுமா? பனியில நின்னுக்கிட்டே செத்தாரு. விழவே இல்ல. அதான் மனுஷன்.”

“எது, பனியா?” என்றார் வரிசையில் பின்னால் நின்ற ஆர்பாட். “கட்டில்ல படுத்துல்ல செத்தாரு? பக்கத்துல மருந்துப் புட்டி இருந்துச்சே. பாதிதான் குடிச்சிருந்தாரு.”

“யோவ், நீ வேற ஏதோ தொடரைப் பாத்திருக்க.”

“நான் ஒரு வாரம் விட்டதில்ல.”

“நான் மட்டும் விட்டனா? ரட்மிலோ, நீயே சொல்லு. பனியா, கட்டிலா?”

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். வரிசையும் பார்த்தது.

“கட்டிலு,” என்றான் ரட்மிலோ. “பனியில கிடந்துச்சு.”

இரண்டு பேருக்கும் கொஞ்சம் திருப்தி. லாஸா அரைக் கிலோவில் கொழுப்பைக் கூட்டி வைத்தார்.

மதியம் வீட்டில் மனைவி எடெல்காவிடம் கேட்டான். அவள் தொடர் முழுவதையும் அம்மா வீட்டில் பார்த்தவள். அவனுக்கு அதில் ஒரு பொறாமை உண்டு.

“உன் கண்ணுலயும் தண்ணி வந்துச்சா, அவர் சாகும்போது?” என்று கேட்டான்.

“பின்ன? அந்தப் பொண்ணு கைய விட்டுட்டுப் போனாரே.”

“எந்தப் பொண்ணு?”

எடெல்கா மிளகாயைக் கிள்ளிக்கொண்டே சிறிது நேரம் யோசித்தாள்.

“நீ பாத்தியா, இல்லையா? அந்தப் பொண்ணுதான்.”

“ஆமா ஆமா. அந்தப் பொண்ணு.”

அலுவலகத்துக்குத் திரும்பி அவன் பழைய நாட்காட்டியை எடுத்தான். தொண்ணூற்று நான்காம் ஆண்டின் கடைசி வியாழக்கிழமை டிசம்பர் இருபத்தொன்பது. அந்தத் தேதியை ஏழாவது கட்டத்தில் எழுதி அனுப்பினான். பத்து நிமிடத்தில் மறுபடி தொலைபேசி.

“ஆதாரம்?” என்றார் வுகோசாவா.

“மேடம், அவருக்கு யாரு மரணச் சான்றிதழ் தருவா?”

“சான்றிதழ் இல்லாதவங்க ஆயிரம் பேரு. போர்ல போனவங்க, வெள்ளத்துல போனவங்க. ஊர்ல ஒட்டின மரண அறிவிப்பு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. எடுத்துக்குவேன்.”

ரட்மிலோவுக்கு வாரத்தில் முதல் முறையாக மூச்சு சீரானது. மரண அறிவிப்பு ஒட்டாத மரமோ கம்பமோ அந்த ஊரில் இல்லை. கறுப்புக் கட்டம், புகைப்படம், பெயர், கீழே துக்கப்படுகிறவர்கள். ஒன்று போதும். ஒட்டி, படம் எடுத்து, கிழித்துவிடலாம்.

அச்சக நெஸ்டர் ஒர்வெக்கின் ஒட்டுப்படத்தை வாங்கிக்கொண்டார்.

“நல்ல மனுஷன். பத்து வருஷம் ஆச்சா? மேல என்ன போடட்டும்?”

“மேலயா, மாஸ்டர்?”

“தலைமேல. எங்க செர்பியர் சிலுவையா, ஹங்கேரியர் சிலுவையா, நட்சத்திரமா?”

“ஒண்ணும் வேணாமே.”

“ஒண்ணும் இல்லேன்னா காணாமப்போனவர் அறிவிப்புன்னு நெனப்பாங்க. தேட ஆரம்பிச்சுருவாங்க.”

ரட்மிலோ யோசித்தான். ஒர்வெக் வானத்திலிருந்து வந்தவர்.

“நட்சத்திரம் போடுங்க.”

“துக்கப்படறவங்க?”

“என் பேரைப் போட்டுக்குங்க. வேற யாரு இருக்கா?”

புதன்கிழமை காலை ரட்மிலோ புகைப்படக் கருவியோடு அச்சகத்துக்குப் போனான். கதவு பூட்டியிருந்தது. திரும்பியபோது எதிர்மரத்தில் ஒர்வெக் இருந்தார். அடுத்த மரத்திலும் இருந்தார். பேருந்து நிறுத்தம், மருந்துக்கடைக் கதவு, பள்ளிச் சுவர். நெஸ்டர் பசை வாளியோடு சதுக்கத்தைச் சுற்றி முடித்திருந்தார்.

“ஒண்ணுதானே கேட்டேன், மாஸ்டர்?”

“ஒரு சாவுக்கு நாப்பது. ஒட்டித் தர்றதும் எங்க வேலதான். காலங்காலமா அப்படித்தான்.”

ரட்மிலோ கிட்டே போய்ப் படித்தான். கடைசி வரியில், ‘இறுதி ஊர்வலம் வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு, கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்திலிருந்து’ என்று இருந்தது.

“இது யாரு போடச் சொன்னா?”

“அந்த வரி அச்சுலயே இருக்கு. எடுக்க முடியாது. நாள மட்டும் மாத்துவேன்.”

“செத்துப் பத்து வருஷம் ஆச்சுன்னு மேல போட்டிருக்கு!”

“அதுக்கென்ன? பெரிய மனுஷங்களுக்கு எலும்பு பின்னாடிதானே ஊருக்கு வரும்.”

ஊரும் அப்படித்தான் நினைத்தது. பத்து மணிக்குள் மூன்று பேர் ரட்மிலோவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், எலும்புகள் எந்த விமானத்தில் வருகின்றன என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு ஃபாதர் ஸ்பிரிடோன் வந்தார். அவர் கையில் கிழித்த அறிவிப்பு இருந்தது.

“நட்சத்திரமா? கோயிலுக்குப் போகாத கட்சிக்காரங்க அடையாளமாச்சே! ஒர்வெக்கைக் கட்சிக்காரனாக்கிட்டியா?”

“ஃபாதர், அவர் நட்சத்திரத்துலேருந்து வந்தவருன்னு...”

“சாப்பிடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மேல பாப்பாரே, அது எதுக்கு? கூரை ஒழுகுதான்னா?”

ரட்மிலோ தலையாட்டினான். நெஸ்டர் சிலுவையோடு நாற்பது அடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்பாட் வந்தார்.

“மேல பாத்தாரா? தலையக் குனிஞ்சு கையக் கோத்துல்ல வெச்சிருந்தாரு? அது யாரு வழக்கம்? சொல்லு. உன் பொண்டாட்டியும் எங்க ஹங்கேரி ஆளுதானே? வீட்டுக்குப் போய் அவ மூஞ்சில முழிக்கணுமில்ல?”

ரட்மிலோ தலையாட்டினான். நெஸ்டர் இன்னொரு சிலுவையோடு நாற்பது அடித்தார். அவருக்கு இது நல்ல வாரம்.

ஒரு மணிக்கு மேயர் வந்தார்.

“நட்சத்திரத்தை மறைச்சு ஒட்டினது யாரு? தொடர் முழுக்க ஒர்வெக் எந்தக் கோயிலுக்குள்ளயாவது போனாரா? எங்கப்பா அறிவிப்புலயும் நட்சத்திரந்தான் இருந்துச்சு. உனக்கு நாய்ப் பதிவுதான் லாயக்கு.”

மாலைக்குள் பேருந்து நிறுத்தத்தில் ஒர்வெக் மூன்று முறை இறந்திருந்தார். மூன்றிலும் துக்கப்படுகிறவன் ரட்மிலோ ஒருவனே. எதைப் படமெடுத்து அனுப்பினாலும் மற்ற இரண்டும் அவனைச் சும்மா விடாது. எதையும் அனுப்பாமல் வீட்டுக்குப் போனான். எடெல்கா அவனுடைய கறுப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அடக்கம் எதுவும் கிடையாது, எடெல்கா. அது அச்சுப் பிழை.”

“ஊரே போகுது. துக்கப்படறவன் நீ போகாம இருப்பியா?”

வியாழக்கிழமை இரண்டு மணிக்குச் சிற்றாலயத்தில் முந்நூறு பேர் கூடினார்கள். உள்ளே எதுவும் இல்லை. எலும்பு எல்லையில் மாட்டிக்கொண்டது என்று யாரோ சொன்னார்கள். இது எல்லோருக்கும் புரிகிற விஷயம். கூட்டம் சதுக்கத்துக்கு நடந்தது. காலிப் பீடத்தைச் சுற்றி மலர்வளையங்கள் வைத்தார்கள். பித்தளை வாத்தியக்காரர்கள் யாரும் கூப்பிடாமலேயே வந்து சோகமாக ஒன்றும் அடுத்து சோகமில்லாமல் ஒன்றும் வாசித்தார்கள். பெண்கள், சர்க்கரையும் அக்ரூட்டும் போட்டு அவித்த கோதுமையைத் தட்டுகளில் கொடுத்தார்கள். ராக்கியா என்ற பழச்சாராயப் புட்டிகள் திறந்தன. முதல் மடக்கைத் தரையில் ஊற்றினார்கள், இறந்தவருக்காக. இரண்டாவதை யாரும் ஊற்றவில்லை.

தளபதியையும் கவிஞரையும் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் சண்டை போட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அழுதார்கள். ரட்மிலோ அதைப் பார்த்தான். சிலை வந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு முதல் முறையாகத் தோன்றியது.

அப்போது ஒரு சிறிய நீலக் கார் வந்து நின்றது. உயரமான, மெலிந்த ஒரு பெண் இறங்கினார். கையில் கோப்பு.

“ரட்மிலோ யாரு?”

குரலிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க ஒரு அறிவிப்பு அனுப்புவீங்கன்னு பாத்தேன்,” என்றார் வுகோசாவா. “மூணு வந்துச்சு. ஃபாதர் ஒண்ணு, மருந்துக்கடை ஒண்ணு, மேயர் ஒண்ணு. ஒரே ஆளு, ஒரே தேதி, மூணு மதம். இருபது வருஷ சர்வீஸ்ல நான் இப்படிப் பாத்ததில்ல.”

“மேடம் அந்தத் தொடர் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார் மேயர், நாற்காலியை நகர்த்திப் போட்டபடி.

“வியாழக்கிழமை எனக்குப் பாட்டு வகுப்பு.” அவர் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். “ஆதாரம் முரண்பட்டா சாட்சி விசாரிக்கணும். செத்ததைக் கண்ணால பாத்த அஞ்சு பேரு. டிவில பாத்தாலும் பாத்ததுதான். எனக்கு ஆட்சேபணை இல்ல. அஞ்சாவது ஆளு விண்ணப்பம் போட்ட அதிகாரி. வாங்க, ஒவ்வொருத்தரா.”

லாஸா முதலில் வந்தார். பனி, நின்றபடி, விழவில்லை. கையெழுத்து. ஆர்பாட், கட்டில், புட்டி, கோத்த கைகள். கையெழுத்து. ஃபாதர் ஸ்பிரிடோன் மேலே பார்த்த கண்களைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மேயர், ஒர்வெக் கூட்டத்தின் நடுவே, முஷ்டியை உயர்த்தியபடி, எந்தப் பாதிரியாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்தார் என்றார். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

வுகோசாவா நான்கையும் வரிசையாக வைத்துப் படித்தார்.

“நாலு பேரு, நாலு சாவு. சரி. விதிப்படி அதிகாரி எழுதறதுதான் கணக்கு. ரட்மிலோ, உக்காருங்க. ‘என் கண்ணால் பார்த்தேன்’னு ஆரம்பிங்க. எப்படிச் செத்தாரோ அதை எழுதுங்க. முத்திரை குத்திடறேன். நாளைக்கே சிலை வெச்சுக்கலாம்.”

வாத்தியம் நின்றது. தட்டுகள் நின்றன.

“பனி,” என்றார் லாஸா மெதுவாக.

“கட்டிலு,” என்றார் ஆர்பாட். “எடெல்கா பாத்துக்கிட்டிருக்கா.”

“மேல பாத்தாரு, மகனே,” என்றார் ஃபாதர்.

மேயர் மெல்லக் குரைத்துக் காட்டினார்.

ரட்மிலோ பேனாவை எடுத்தான். ‘என்’ என்று எழுதினான். ‘கண்ணால்’ என்று எழுதினான். அடுத்த சொல் வரவில்லை. பனி என்றால் பாதி ஊர் போகும். கட்டில் என்றால் வீடு போகும். முஷ்டி என்றால் சொர்க்கம் போகும். எல்லாவற்றையும் சேர்த்து எழுத இந்த முறை தாளில் இடமில்லை.

பேனாவைக் கீழே வைத்தான். அதே நேரத்தில் வுகோசாவாவின் கையிலிருந்த முத்திரையும் குத்தாமலே கீழே இறங்கியது.

“நான் பாக்கல,” என்றான்.

“என்ன பாக்கல?”

“அவர் செத்ததை. அவர் உயிரோட இருந்ததையும். ஒரு பகுதிகூடப் பாக்கல. எல்லாம் இதழ்ல படிச்சது. பதினோரு வருஷமா சும்மா தலையாட்டிக்கிட்டிருந்தேன்.”

சதுக்கத்தில் ஒரு புறா நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“அடப்பாவி! ஊர்ல ஒருத்தன்கூட விடாம பாத்த தொடரு!”

“துக்கப்படறவன்னு பேரு வேற போட்டுக்கிட்டான்!”

“நான் கரண்ட் இல்லாத நாள்லகூடப் பாத்தேன்டா!” என்றார் லாஸா.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றாள் எடெல்கா. அவள் முகம் சிவந்திருந்தது. “எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. எங்க வீட்ல கண்ணாடி மாதிரி வரும்.”

“ஒரு தத்துவஞானியை இப்படியா ஏமாத்துறது?” என்றார் மேயர். “நாளைக்குக் காலையில பாரா கிராமம். மேடம், இவன் பொய்யன். அந்த நாலு சாட்சியையும் வெச்சு முடிங்க. நாங்க எல்லாம் சத்தியமா பாத்தவங்க.”

“சத்தியமா,” என்றார் ஃபாதர் ஸ்பிரிடோன்.

கூட்டம் ஆமோதித்தது. வுகோசாவா முத்திரையை மறுபடி எடுத்து அதன்மேல் ஊதினார்.

கோதுமைத் தட்டுகள் இருந்த மேசைப் பக்கமிருந்து ஒரு கிழவர் மெல்ல எழுந்து வந்தார். ஊருக்கு மேற்கே மேட்டில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்தை முப்பது ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்ற ப்ளாகோயே. நான்கு கோப்பை ராக்கியா உள்ளே போயிருந்தது. கன்னம் நனைந்திருந்தது. அவர் ரட்மிலோவின் தோளில் கை வைத்தார்.

“அவனை விடுங்கப்பா, அந்த ரெண்டு வருஷமும் கோபுரத்துல ரெண்டாவது சேனல் எரிஞ்சு போய்த்தான் கெடந்துச்சு, வந்து கேட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘கோளாறு உங்க ஆன்டெனாலதான், மத்த எல்லா வீட்டுலயும் பளிச்சுன்னு வருது’ன்னு நான்தானே சொல்லி அனுப்பினேன்.”